குஷனில் ஒட்டிய வெள்ளி

விருதுநகரில் என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மிஷின், சுவரோரம் துணிச் சுருள்கள், மூலையில் பஞ்சு மூட்டைகள். அவ்வளவுதான் கடை. திரைச்சீலை தைப்பேன், சோபா உறை தைப்பேன், அதிகமாகக் குஷன் உறைகள். நான் அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். துணியைத் தொட்டாலே அது எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று கை சொல்லிவிடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தக் கைதான் சோறு போட்டது.

தைப்பதோடு நான் விடுவதில்லை. தைத்ததை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டுச் சோபாவில் நானே அடுக்கி வைத்துவிட்டு வருவேன். முதலில் இதை யாரும் கேட்கவில்லை. குஷனைக் கையில் கொடுத்தால், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைத்த மாதிரி ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் ஒரு வீட்டில் கலைத்து அடுக்கினேன். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். பிறகு அடுக்குவதற்காகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெரியது மூலையில், பின்னால். அதற்கு முன்னால் அதைவிடச் சின்னது, லேசாக ஒருக்களித்து. உறையைவிட உள்ளே போகும் பஞ்சுப் பை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மூலையும் நாய்க்காது மாதிரி தொங்கிப் போகும். ஒன்று பளபளத்தால் பக்கத்தில் இருப்பது மங்கலாக இருக்க வேண்டும். எல்லாம் வைத்து முடித்த பிறகு ஆள் உட்கார இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் இது இருக்காது. குஷனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் சிவகாசியிலிருந்து ஒரு பெரிய வீட்டு ஆர்டர் வந்தது. பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர் வீடு. அவரை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பேசியது எல்லாம் அவர் மனைவியோடுதான். ஐம்பது வயதைத் தாண்டிய வீட்டம்மா. மகனுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் பெண் பேசி, முடிவாகும் கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதற்குள் கூடம் தயாராக வேண்டும்.

"சோபா வந்து ஒரு மாசம் ஆகுது. உக்காந்தா டாக்டரைப் பாக்கக் காத்துக் கெடக்க மாதிரியே இருக்கு. நீங்க வந்து என்னமாச்சும் பண்ணுங்க" என்றார் போனில்.

அளவெடுக்கப் போனேன். வெயில் கொளுத்தும் மத்தியானம். 'ட' வடிவத்தில், சாம்பல் நிறத்தில், ஒரு சுவர் முழுக்கவும் இன்னொரு சுவரில் பாதியும் அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தச் சோபா. வீட்டம்மா போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். வெள்ளைச் சோபா, வெள்ளைக் குஷன், வெள்ளைச் சுவர்.

"இந்த வெள்ளை நம்ம ஊருல ஒரு வாரம் தாங்காதும்மா" என்றேன்.

"ஏன், நாங்க என்ன மண்ணுலயா பொரளுதோம்?" என்று சிரித்தார்.

துணி மாதிரிகளைச் சோபாவின் மேல் விரித்துப் போட்டேன். மயில்கழுத்து நிறத்தில் வெல்வெட், மூலைகளுக்கு. அதற்கு முன்னால் கடுகுப் பூ மாதிரி மஞ்சளான கடுகு நிறத்தில் எங்கள் ஊர்ப் பருத்தி. நடுவில் நீளவாட்டில் ஒரே ஒரு திண்டு, அது மட்டும் அவர் ஆசைப்படி வெள்ளையை ஒட்டிய கிரீம் நிறத்தில், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. அவருக்குப் பிடித்துவிட்டது. கடுகு நிறத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இது ராத்திரி லைட்டுல எப்பிடி..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. எங்கோ ஒரு கனமான கதவைச் சாத்திய மாதிரி. ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் முனகி அடங்கியது.

வீட்டம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. துணியைப் பிடித்த கை அப்படியே இருக்க, அவர் இன்னொரு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் இவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி, "நம்மது இல்ல" என்றார்.

பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"ம், கடுகு நிறம். என்ன கேட்டுக்கிட்டு இருந்தேன்?" என்றார் என்னிடம்.

 இருபது வருஷமாக இந்த ஜில்லாவில் இருக்கிறேன், பட்டாசுக் கம்பெனி வெடிக்கிற இப்படிப்பட்ட சத்தத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன், மறுநாள் பேப்பரில் படித்திருக்கிறேன். அந்த வட்டாரத்துக்குள் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் ஒரே பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வானத்தில் அழுக்கான ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது.

பெரிய ஆர்டர் வந்தால் எனக்குக் கை கொடுப்பவள் ஒருத்தி உண்டு. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி ஒரு ஊர் அவளுக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். அவளும் புருஷனும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அங்கே ஒரு விபத்து நடந்து கம்பெனியைப் பூட்டி சீல் வைத்த பிறகு, அவள் தையல் பழகி என்னிடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு பெண் குழந்தை, நாலு வயது. நான் துணியை வெட்டி, பஞ்சு மூட்டையோடு ஆட்டோவில் அனுப்பி வைப்பேன். அவள் தைத்து, அடைத்து, மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் மடிக்கிற மூலை என்னுடையதைவிடக் கூர்மையாக இருக்கும். புருஷனைப் பற்றிக் கேட்டால், "அங்கன இங்கன போயிக்கிட்டு இருக்காருக்கா" என்பாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

சிவகாசி ஆர்டரையும் அவளுக்கே அனுப்பினேன். சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வெல்வெட் நன்றாக இருந்தது. பருத்தி நன்றாக இருந்தது. நடுத் திண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் கை அகலத்துக்கு ஒரு கறை. ஈரத் துணியால் துடைத்தேன். போகாமல் பரவியது. பரவிய இடம் ஜன்னல் வெளிச்சத்தில் மீன் செதில் மாதிரி மினுங்கியது.

அவளுக்குப் போன் போட்டேன்.

"மிஷின் எண்ணெயா இருக்கும்க்கா. இல்லேன்னா ஜரிகையில இருந்து உதுந்திருக்கும்" என்றாள். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தவள் மாதிரி சட்டென்று சொன்னாள். பின்னால் குழந்தை ஏதோ கேட்க, "உள்ள போகாதட்டீ!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஜரிகை இப்படி உதிராது என்று தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா. ஆனால் அது வேறு என்னவாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை. மறு உறை தைக்கத் துணி மிச்சம் இருந்தது. இப்போதைக்குப் போய் அடுக்கிக் காட்டிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பிறகு மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூட்டையைக் கட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சிவகாசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்லியும் காப்பி வைத்தார் வீட்டம்மா. கூடத்துக்குப் பக்கத்திலேயே பூஜை அறை. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாம்பிராணிப் புகை கூடம்வரை வந்தது.

மயில்கழுத்து நிறத்தில் இரண்டை இரண்டு கோடியில் வைத்தேன். சோபா மடங்குகிற மூலையில் இன்னும் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்த மாதிரி. முன்னால் கடுகு நிறம். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தட்டி உப்ப வைத்து, எட்டி நின்று பார்த்து, ஒன்றைத் திருப்பி, மறுபடி எட்டி நின்று பார்த்து. சாம்பல் நிறச் சோபா கண் முன்னால் வேறாக மாறிக்கொண்டு வந்தது. வீட்டம்மா வாசல்படியில் நின்று பார்த்தார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிரும்போது என்ன தெரியும் என்று பார்க்கிறாராம்.

"இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

கடைசியாக நடுத் திண்டை வைத்தேன், கறை தெரியாதபடி பின்பக்கம் திருப்பி. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் வந்து உட்கார்ந்து அதை ஆசையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தைத் தடவினார். கையை எடுத்தார். விரல் நுனிகளைப் பார்த்தார்.

கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சம் பக்கம் திருப்பினார். மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"பூஜ ரூம்ல விளக்கக் குளுர வையி. சாம்பிராணிய எடுத்துட்டுப் பின்னால போ."

வேலைக்காரப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கு அணைகிற வரைக்கும் வீட்டம்மா அசையவில்லை. அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இத யாரு தைச்சா?"

"நாந்தாம்மா."

"நீங்க வெட்டியிருப்பீக. தைச்சது யாரு?"

நான் குஷன் கட்டி வந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன். அவர் விரல்களை என் முன்னால் நீட்டினார்.

"எங்க அப்பா கம்பெனியில வளந்தவ நான். சாயங்காலம் வேல முடிஞ்சு பொம்பளையாளுக கை கழுவுனா தொட்டியில தண்ணி இந்த நிறத்துலதான் ஓடும். இது அலுமினியப் பவுடரு. மருந்துல கலக்குறது." எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடி மருந்துதான். "மெத்தையில ஒட்டுன தூசியால ஒண்ணும் ஆயிராது. ஆனா தூசி இங்கன வரைக்கும் வந்திருக்குன்னா, மூட்டை எங்க இருக்கு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே போகாதே என்று அவள் கத்தியதும், கேட்பதற்கு முன்னால் வந்த பதிலும். சோபாவில் உட்காரப் போனவள், குஷன்களைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல வச்சுச் செய்யுறாகளா?" என்றார்.

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியாது."

"பிள்ளை குட்டி இருக்கா?"

"ஒண்ணு."

அவர் திண்டைத் தட்டாமல், அழுத்தாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே நிழலில் வைத்தார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அப்படியே எடுத்து வரச் சொன்னார். இழுக்கக் கூடாது, உதறக் கூடாது. சோபா மறுபடி மொட்டையாகக் கிடந்தது.

"எந்த ஊரு, என்ன பேருன்னு எங்கிட்டச் சொல்லாதீக" என்றார். "முக்கியமா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு செய்வாரு. போலீசுக்குப் போன் போடுவாரு. இல்லேன்னா மலிவுன்னு அவுகளுக்குப் பட்டாசு ஆர்டர் குடுப்பாரு."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மொதல்ல அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. குஷன் எப்ப வந்தா என்ன."

அங்கிருந்தே ஆட்டோ பிடித்தேன். விஸ்வநத்தம் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தது. ஆங்காங்கே கம்பெனிகளின் தனித்தனி அறைகள், ஒன்றுக்கொன்று தூரம் விட்டு, வேப்ப மரங்களுக்கு நடுவில். அவற்றுக்கு ஏன் அவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று யோசித்தேன். அவள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருந்தன.

இதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் மிஷினை விட்டு எழுந்தாள். 

"வாங்கக்கா. என்ன திடீர்னு, சொல்லாம கொள்ளாம..."

முன்னறையில் மிஷின். பக்கத்தில் உள்ளறை. நடுவில் கதவு இல்லை, நான் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த திரைதான் தொங்கியது. அதன் கீழே ஒரு ஆணின் கால்கள் தெரிந்தன, சம்மணம் போட்டு உட்கார்ந்த கால்கள். பாதம் இரண்டும் வெள்ளிக் கொலுசு போட்டதுபோல் மினுங்கின.

நான் திரையை விலக்கினேன். அவள் தடுக்கவில்லை.

பேப்பர்க் குழாய்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. பாதி அடைத்தவை, அடைக்காதவை. சுவரோரம் வாய் கட்டிய மூட்டைகள். நடுவில் அவள் புருஷன், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவனுக்கு இடப்பக்கம், எட்டினால் தொடுகிற தூரத்தில், நான் அனுப்பிய பஞ்சு மூட்டைகள். அதில் ஒன்று பிரித்துக் கிடந்தது. நாங்கள் பஞ்சு என்று சொன்னாலும் அது பஞ்சு இல்லை. நைலான் மாதிரி ஒரு இழை, வெள்ளையாகப் பொங்கி நிற்கும், அதைத்தான் இப்போது எல்லாக் குஷனிலும் அடைக்கிறோம்.

எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து குழந்தை உள்ளே ஓடியது. ஓடிய வேகத்தில் அந்தப் பஞ்சுக் குவியலில் போய் விழுந்தது. விழுந்து, சிரித்துக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. பளபளவென்று ஒரு நைலான் கவுன் போட்டிருந்தது. எழுந்து நின்றபோது அதன் தலைமுடி முழுவதும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. அதற்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, பாரேன்!" என்று பக்கத்தில் இருந்த இரும்புப் பீரோவைப் பிடிக்கக் கையை நீட்டியது.

சட்டென்று ஒரு பொறி. ஊசி முனை அளவு, நீல நிறத்தில். அதன் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

குழந்தை 'ஆ' என்று கையை உதறியது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

 அவன் கையில் இருந்த குழாயைப் பூ வைப்பது போலத் தரையில் வைத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்தான். ஒரு எட்டு எடுத்து வைத்து, குழந்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, கால் தரையில் உரசாமல் தூக்கி, என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இருந்த வேப்ப மரத்தடியில் கொண்டுபோய் விட்டான். விட்ட பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். 

கம்பெனியில் இருந்தவர்கள் இருவரும். நைலான் துணி கட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, அறைக்குள் நுழையும் முன்னால் வாசலில் இருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். அவள் இரண்டு பேருக்கும் பருத்திதான் துவைத்துப் போட்டிருந்தாள். பஞ்சு மூட்டையையும் பிள்ளையின் கவுனையும்தான் யாரும் நினைக்கவில்லை. பஞ்சை மூட்டை மூட்டையாக அந்த அறைக்குள் அனுப்பியவள் நான்.

"கிளம்பு" என்றேன் அவளிடம். "பிள்ளையத் தூக்கு. மிஷினத் தூக்கு. எங்கூட வா."

அவள் புருஷனிடம் போனாள். "நீயும் வா. அப்பிடியே போட்டுட்டு வா" என்றாள்.

"எதப் போட்டுட்டு வர? பாதி அடைச்சது அம்புட்டும் உள்ள கெடக்கு. தீவாளிக்கு லோடு ஏத்தணும்னு சொல்லிக் குடுத்திருக்காக. தண்ணியில கொட்டிட்டுப் போனா சும்மா விடுவாகளா? முடிச்சுக் குடுத்துட்டு வந்துருதேன்."

"யாரு குடுத்தது?" என்று நான் கேட்டேன்.

அவன் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சு நீங்க என்ன செய்யப் போறீக?" என்றான்.

அவள் கெஞ்சினாள், திட்டினாள். குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்துப் பார்த்தாள். அவன் பஞ்சு மூட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து தெருவில் வைத்தான். மிஷினைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஆட்டோ கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகவில்லை. நாங்கள் தெரு முனையில் திரும்பும் வரைக்கும் உள்ளே போகவில்லை.

என் முன்னறையில் மிஷின் இரண்டானது. சிவகாசி உறைகளைப் பிரித்துத் தனியாகத் துவைத்தோம். கிரீம் நிறத் திண்டுக்குப் புது உறை. இந்தத் தடவை இழைப் பஞ்சு வேண்டாம் என்று இலவம்பஞ்சு வாங்கி அடைத்தோம். அவள் ஒவ்வொரு உறையையும் முடித்ததும் புருஷனுக்குப் போன் போடுவாள். "என்ன செய்யுற?" "வேல." "சாப்பிட்டியா?" "ம்." வைத்துவிடுவாள். பேசுவதற்காகப் போடுகிற போன் இல்லை அது. எடுக்கிறானா என்று பார்க்கிற போன். மணி அடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவள் கால் மிஷின் மிதியில் அசையாமல் இருக்கும், என் காலும்தான். தெருவில் லாரி குண்டுகுழியில் இறங்கி ஏறினால்கூட இரண்டு பேரும் தலை நிமிர்வோம். அங்கிருந்து இங்கே சத்தம் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் நிமிர்வோம்.

குஷன்களைக் கொண்டுபோய் மறுபடி அடுக்கினேன். வீட்டம்மா, "பிள்ள?" என்று மட்டும் கேட்டார். "எங்கிட்ட இருக்கும்மா" என்றேன். தலையாட்டிக்கொண்டார். அதன் பிறகு நிறத்தைப் பற்றியும் வரப்போகிறவர்களைப் பற்றியும்தான் பேசினோம். பெண் வீட்டார் வந்து போன அன்று எனக்குப் படம் அனுப்பியிருந்தார். பெண்ணின் அம்மா கடுகு நிறக் குஷனைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஆள் உட்கார இடம் தாராளமாக இருந்தது. சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம், அவள் ஒரு உறையை முடித்துவிட்டுப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. "குளிக்கப் போயிருப்பாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அடுத்த உறையை மிஷினில் வைத்தாள். தைக்கவில்லை. மூன்றாவது தடவை போட்டபோது யாரோ ஒரு பெண் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, பின்னால் கேட்ட கூச்சல் கேட்டது.

அவன் உள்ளே இல்லை. அடைத்த குழாய்களைக் காய வைக்க வீட்டுக்குப் பின்னால் போயிருந்திருக்கிறான். அறை வெடித்துப் போனபோது சுவர் அவன் பக்கம் சாய்ந்தது. முதுகும் இரண்டு கையும் வெந்துபோயின. பக்கத்து வீட்டுச் சுவர் பிளந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் அந்த நேரம் அங்கே யாரும் இல்லை. மிஷின் இருந்த முன்னறை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்றாள் அவள், போய்ப் பார்த்துவிட்டு வந்து. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவள், பல வாரம் அங்கேயே கிடந்தாள். அவன் கைகளை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும், விரலோடு விரல் ஒட்டக் கூடாது என்றார்களாம். என்னிடம் அளவு சொல்லிப் போன் போட்டாள். பழைய பருத்தி வேட்டியில், மெத்தென்று இலவம்பஞ்சு அடைத்து, தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, உள்ளங்கைக்குச் சின்னதாக ஒன்று என்று தைத்து அனுப்பினேன். நான் தைத்ததிலேயே மூலையில்லாத குஷன்கள் அவைதான்.

வீட்டம்மா எப்படியோ கேள்விப்பட்டுப் போன் போட்டார்.

"அந்தப் பிள்ள வீடா?"

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. 

"எங்க வீட்டுக்காரர் நேத்துல இருந்து சரியாச் சாப்பிடல" என்றார் பிறகு, குரலைத் தணித்து. "சோபாவுல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் ஒண்ணும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குத் திரைச்சீலை மாற்ற வேண்டும், சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

போலீஸ் கேஸ் இன்னும் நடக்கிறது. அவர்கள் இப்போது சூலக்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அவள் தினமும் என் வீட்டுக்கு வந்து தைக்கிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அவன் பகலெல்லாம் என் முன்னறையில், துணிச் சுருள்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். விரல்கள் பாதிதான் மடங்கும். டாக்டர் கொடுத்த ரப்பர்ப் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பான்.

போன வாரம் அவன் என்னிடம் கேட்டான்: "அடுத்த தீவாளிச் சீசனுக்குள்ள முழுசா மடங்கிருமாக்கா?"

எதற்குக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வெட்டுமேஜையின் மேல் இருந்த அவன் போன் அடித்தது. பெயர் இல்லாத நம்பர். எடுக்கக் கையை நீட்டினான். மரத்துப்போன விரலால் திரையைத் தள்ள முடியவில்லை. ஒரு தரம் முயன்றான், இன்னொரு தரம் முயன்றான். பிறகு எடுத்துக்கொடு என்பது போல அவளைப் பார்த்தான்.

அவள் மிஷினை நிறுத்தவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.